எழுதி வாங்குகிறவள்

"கைலாசம் ஆபீசுக்குப் போயிட்டானாட்டி?" என்றுதான் காலையில் அத்தை கேட்டாள். கேட்டுக்கொண்டே முந்தானையை மடித்துத் தோளில் போட்டு ஊக்கைக் குத்தினாள். அதற்கு செண்பகவல்லி "ம்" என்றாள். அந்த "ம்" இப்போது சார்பதிவாளர் அலுவலகத்து பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தது. ஏன் ம் என்றோம்? இல்லை என்று சொல்லியிருக்கலாமே. கைலாசம் பூனாவில் இருக்கிறார் அத்தை, அங்கே அவருக்கு வேறு பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, உங்கள் வீட்டுப் படியிறங்கி அவர் ஆபீசுக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, எனக்கும் அவருக்கும் கோர்ட்டில் தீர்ந்துபோய் எட்டு ஒன்பது வருஷம், நான் இன்றைக்கு உங்கள் மருமகளாக வரவில்லை, ஆட்டோ பிடித்து உங்களைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போக வந்திருக்கிறேன், நீங்கள்தான் வரச் சொன்னீர்கள். இவ்வளவும் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே ஒரு ம். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், அந்த அவசரத்தில் வந்திருக்கும். இல்லை, அவசரத்தில் இல்லை. பால்காரன் வந்துட்டானா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக அந்தக் கேள்வி வந்தது. அந்த ஒரு நொடி அவளுக்கே, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு கைலாசம் இப்போதுதான் வண்டியைக் கிளப்பிப் போன மாதிரி இருந்தது. பழைய வாய் பழைய பதிலைச் சொல்லிவிட்டது. அப்படியானால் மறந்தது யார், அத்தையா நானா? அவள் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறினாள். அங்கேயும் மின்விசிறிக் காற்று வரவில்லை.

"ஏன் இப்படி அல்லாடுத? ஒரு எடத்துல இரேன்" என்றாள் அத்தை. ஆவுடையம்மாள் என்பது அவள் பெயர், எழுபதைத் தாண்டிவிட்டாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மடியில் மஞ்சள் கவரை வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். கவருக்குள் பவர் பத்திரம். அவளுக்குப் பதிலாக வீட்டு வரி கட்ட, மாடியில் குடியிருப்பவரிடம் வாடகை வாங்க, பேங்கில் போட எடுக்க, ஆஸ்பத்திரியில் கிடந்தால் பார்க்க வேண்டியதைப் பார்க்க, வீட்டைப் பழுது பார்க்க, தேவைப்பட்டால் விற்கவும்கூட, செண்பகவல்லிக்கு அதிகாரம் கொடுத்து எழுதிய பத்திரம். விற்கவும்கூட என்ற வரியைத் தட்டச்சுத்தாளில் பார்த்தபோது இது வேண்டாமே என்று அவள் சொன்னாள். "எனக்கு வைத்தியம் பாக்க வேணும்னா விப்பியா, இல்ல சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்பியா?" என்று அத்தை கேட்டாள். அது நல்ல புத்தி. அது முந்தாநாள். முந்தாநாள் இருந்த புத்தி இன்றைக்குக் காலையில் இல்லை, இப்போது மறுபடி இருக்கிறது. மேகத்துக்குள் போய்ப் போய் வருகிற வெயில் மாதிரி வருகிற ஒன்றை எந்த நேரத்தில் பிடித்துக் கையெழுத்து வாங்குவது, எந்த நேரத்தில் வாங்கினால் நியாயம், எந்த நேரத்தில் வாங்கினால் திருட்டு. உள்ளேயிருந்து ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எழுதிக் குடுக்கிறவரு சுடலைமுத்து, எழுதி வாங்குறவங்க ஜெபராணி, உள்ள வாங்க" என்றார். ஒரு குடும்பமே எழுந்து போனது. எழுதி வாங்குகிறவள். அந்தச் சொல் செண்பகவல்லியின் மேலும் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிழவியை மயக்கி எழுதி வாங்கிட்டா.

பத்திரம் எழுதும்போதே ஒரு சிக்கல் வந்தது. வக்கீல் நெல்லையப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இவங்க உங்களுக்கு என்ன முறைன்னு போட?" என்று கேட்டார். மருமகள் என்று போட முடியாது, முன்னாள் மருமகள் என்று போட்டால் படிக்கிறவன் சிரிப்பான். கடைசியில் அவரே, "நம்பிக்கைக்குரிய நபர்னு போடுதேன், போதும்" என்று முடித்துவிட்டார். அது போதுமா? அதைவிட அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றுதான் இப்போது மனசில் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, ஒண்ண நல்லாத் தெரிஞ்சுக்கிடுங்க. உங்க புத்தி தெளிவா இருக்க வரைக்கும்தான் இந்தப் பவர் செல்லும். அதுக்கு மேல கோர்ட்டுக்குத்தான் போணும்." அத்தை அவரை மடக்கினாள். "சரி, தெளிவு போயிட்டுன்னு யாரு சொல்லுவா? எனக்கா தெரியும்?" வக்கீல் சிரித்துவிட்டு செண்பகவல்லியைக் கை காட்டினார். "கூட இருக்கவங்கதான் சொல்லணும்." உடனே அத்தை திரும்பி, "கேட்டுக்கிட்டியா? அன்னைக்கு நீதான் சொல்லணும். எனக்கு நோவுமேன்னு மறைச்சிராத" என்றாள். செண்பகவல்லி சரி என்று தலையாட்டினாள். தலையாட்டும்போது அந்த அன்றைக்கு என்பது வருஷக்கணக்கில் தள்ளி எங்கேயோ இருந்தது. அது இன்றைக்குக் காலையிலேயே ஊக்கைக் குத்திக்கொண்டே வந்துவிடும் என்று யார் நினைத்தது? ஒருநாள் வந்தால் அது வந்ததாகிவிடுமா? மூன்று மாதம் முன்னால் பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, மறதி நோய் ஆரம்பம்தான், மாத்திரையில் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்றார். ஆரம்பம் என்றால் எதுவரை ஆரம்பம், எங்கே அது நடுவாகிறது, அதைக் கோடு போட்டு யார் காட்டுவார்கள்? கோடு நான்தானா? கோடே பத்திரத்தை வாங்கிக்கொள்ளவும் செய்தால் அது எப்படி நேராக இருக்கும்?

அவளுக்குத் தண்ணீர் தவித்தது. கைப்பைக்குள் பாட்டில் இருந்தது, எடுக்கவில்லை, எடுத்தால் அத்தைக்கும் கொடுக்க வேண்டும், அத்தை குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பாள், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடட்டுமே. கூப்பிடாமல் இருந்தால் இன்னும் நல்லது. இன்றைக்கு ஆபீசர் லீவு, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடலாம். அத்தை வீட்டிலிருந்து அவள் வெளியேறிய நாளும் இப்படித்தான் வெயில். கைலாசம் மாடியில் இருந்தான், இறங்கி வரவில்லை. அவள் துணிகளை இரண்டு பைகளில் அடைத்து, வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டி எவர்சில்வர் டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். அத்தை பின்னாலேயே வந்து, "டப்பா எங்க வீட்டு டப்பா, அத வச்சிட்டுப் போ" என்றாள். சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் செண்பகவல்லி டப்பாவோடு நின்றாள். அத்தை உள்ளே போய் ஒரு வாழையிலைத் துண்டையும் பேப்பரையும் கொண்டுவந்து, சோற்றை அதில் தட்டி, பொட்டலமாக மடித்து, நூல்கூடச் சுற்றிக் கொடுத்தாள். சோற்றைப் பிடுங்கவில்லை, டப்பாவை மட்டும்தான் பிடுங்கினாள். இத்தனை வருஷமாக அதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அது கொடுமையா கணக்கா, வெறுப்பா நேர்மையா என்று பிடிபடவில்லை. பஸ்ஸில் அந்தச் சோற்றைத் தின்றதும் ஞாபகமிருக்கிறது. பசித்தது, தின்றாள், நன்றாகத்தான் இருந்தது, அதற்கும் அழுகை வந்தது.

அதற்கப்புறம் நாலைந்து வருஷம் முகம் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் முருகன்குறிச்சியில் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அத்தை ஏறி வந்து, யாரோ எவரோ மாதிரி, "கண்ணு பாக்கணும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் என்ன செய்ய? கண்ணாடிச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டாள். "அது தெரியல. நீ மெலிஞ்சிருக்கது தெரியுது" என்றாள் அத்தை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, இதுவரைக்கும் கேட்கவில்லை. கண்ணாடி வாங்க வந்தவள் மூக்குப்பட்டை அழுத்துகிறது என்று மறுபடி வந்தாள், பிறகு சும்மா வந்தாள், பிறகு காய்ச்சல் என்று போன் வந்தபோது செண்பகவல்லி கஞ்சி கொண்டு போனாள். போகாமல் இருந்திருக்கலாம். போனதற்கும் காரணம் தெரியாது. யாரும் கேட்டால் மனிதாபிமானம் என்று சொல்லலாம், ஆனால் மனிதாபிமானத்துக்கு இவ்வளவு கோபம் இருக்காது. இந்தக் கோபத்தோடு யாருக்காவது வாரம் தவறாமல் மாத்திரை எடுத்து வைக்க முடியுமா? முடிகிறது, அவள் வைக்கிறாள்.

கைலாசம் போன வாரம் போன் பண்ணினான். பேசிப் பல வருஷமான குரல், ஆனால் ஹலோ சொல்வதற்கு முன்னால் விடுகிற அந்த மூச்சிலேயே அவன் என்று தெரிந்துவிட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா முன்ன மாதிரி இல்ல, உனக்கே தெரியும். கோயம்புத்தூர் பக்கம் நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கேன். டாக்டரு, நர்சு எல்லாம் உண்டு. வீட்டக் குடுத்துட்டா அந்தப் பணத்துல கடைசி வரைக்கும் ராணி மாதிரி வச்சுக்கிடலாம். அம்மா கேக்க மாட்டேங்காங்க. நீ நடுவுல புகுந்து என்ன பண்ணுத?" அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த இடத்தின் படங்களைக்கூட அனுப்பியிருந்தான், வரிசையாக வெள்ளைக் கட்டில்கள், ஜன்னலுக்கு வெளியே புல்தரை. அத்தை அந்தப் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாக் கட்டிலும் ஒண்ணு போல இருக்கே, எங்கட்டில நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளே வக்கீலிடம் போனாள். அந்தப் போனில் கடைசியாகக் கைலாசம், "உனக்கு என்னதான் வேணும், சொல்லு" என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் போனை வைத்தாள். ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான், அந்த வீட்டுப் பின்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலைக் கிழக்குச் சுவர் ஓரம் போட்டால் காற்று வரும், அலமாரியை எடுத்துவிட்டால் தையல் மிஷின் போட இடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் விளக்குமாறு கையில் அப்படியே நின்றது. யார் கட்டில்? யார் தையல் மிஷின்? ஒற்றை அறையில் சமையலும் படுக்கையுமாக இருக்கிறவளுக்கு இப்படி ஒரு எண்ணம் வந்தால் அது பாவமா? வந்தது பாவமில்லை, வைத்துக்கொண்டால் பாவம் என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னதால் அது போய்விடவில்லை. மனசுக்குள் அந்தப் பின்னறையில் கட்டில் இன்னமும் கிழக்குச் சுவரோரம்தான் கிடக்கிறது, போட்டது போட்டபடி.

"அந்தா அந்தப் பையனப் பாரு, மாமனாரு கையெழுத்துப் போடுத வரைக்கும் அப்பா அப்பான்னு விசிறிட்டு இருந்தான், இப்ப விசிறியக் காணும்" என்று அத்தை காதருகே சொன்னாள். எவ்வளவு தெளிவு. எதிர் வரிசையில் ஒரு இளைஞன் போனைத் தடவிக்கொண்டிருந்தான், பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர் வியர்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பார்க்கிறவளுக்கா புத்தி தடுமாறுகிறது? செண்பகவல்லிக்குத் திடீரென்று ஒரு நப்பாசை. காலையில் கேட்டது தூக்கக் கலக்கமாக இருக்கும், எனக்கும்தான் சில நாள் எந்த ஊரில் முழிக்கிறோம் என்று தெரிவதில்லை. சோதித்துப் பார்த்துவிடலாமா? அசிங்கமாக இருந்தது, ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. "அத்தை, இன்னைக்கு என்ன கிழமை?" சுவரில் காலண்டர் எங்கே என்று அத்தையின் கண் ஓடுவதை செண்பகவல்லி பார்த்தாள். கண்டுபிடிக்கிற அந்தத் தந்திரத்தைப் பார்த்தது கிழமை தெரியாததைவிட வலித்தது. "எதுக்குக் கேக்க? லீவு போட்டுட்டுத்தான வந்திருக்க" என்றாள் அத்தை, குரலில் லேசாக ஒரு விறைப்பு. தெரிந்துகொண்டாள். சோதிக்கிறேன் என்று தெரிந்துகொண்டாள். எக்ஸ்சேஞ்சில் ஊர் நம்பர் முழுவதையும் புத்தகம் பார்க்காமல் சொன்னவளாம், ஆள் குரலைக் கேட்டதும் யாருக்கு லைன் கேட்கப்போகிறார் என்று தெரிந்துவிடுமாம். அப்படிப்பட்டவளிடம் கிழமை கேட்கிற நிலைமை. செண்பகவல்லி அவள் கையைத் தொடலாமா என்று நினைத்தாள். தொடவில்லை. மஞ்சள் கவர் நடுவில் இருந்தது. தொட்டால் கவரைத் தொட்ட மாதிரி இருக்கும். சொல்லிவிட வேண்டும். யாரிடம்? வக்கீலிடம் சொன்னால், அதெல்லாம் வயசானா இருக்கதுதான், பேசாம இருங்க, என்பார். சொல்லாமல் வாங்கிக்கொண்டால் அத்தைக்கு அவள் கேட்டது கிடைக்கும், அவள் கட்டிலில் அவள் படுத்திருப்பாள். சொன்னால் பத்திரம் நின்றுபோகும், கைலாசம் வருவான், வெள்ளைக் கட்டில், புல்தரை. அத்தையின் நன்மைக்காகப் பேசாமல் இரு என்று ஒரு குரல். அந்தக் குரல் பின்னறையிலிருந்து வருகிறதோ என்று இன்னொன்று. காலையில் கேட்ட கேள்விக்கு அர்த்தம் என்னை இன்னும் மருமகளாக நினைக்கிறாள் என்பதுதானே? மகன் ஆபீசுக்குப் போயிருக்கிறான், மருமகள் பக்கத்தில் இருக்கிறாள், அந்த மருமகளுக்குத்தான் எழுதிக் கொடுக்கிறாள் என்றால் அது எனக்கு எழுதியது அல்ல. இல்லாத ஒருத்திக்கு எழுதியதை நான் வாங்கிக்கொண்டு போவதா?

"எழுதிக் குடுக்கிறவங்க ஆவுடையம்மாள், எழுதி வாங்குறவங்க செண்பகவல்லி." வக்கீல் எங்கிருந்தோ ஓடி வந்தார், டீக்கடையில் நின்ற சாட்சிகள் இரண்டு பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே மேடைமேல் நடுத்தர வயதுப் பெண் அதிகாரி, கழுத்து வலிக்குப் பட்டை கட்டியிருந்ததால் திரும்ப வேண்டுமானால் முழு உடம்பையும் திருப்பினார். தாள்களைப் புரட்டிவிட்டு, "ஆவுடையம்மா, முழுச் சம்மதத்தோடதான் குடுக்கீங்க?" என்றார். "ஆமா" என்றாள் அத்தை. அவ்வளவுதான். அவ்வளவுதானா? அதிகாரி முத்திரையின் பக்கம் கையை நீட்டினார். வக்கீல் அத்தையைக் கேமராவுக்கு நேராக நகர்த்த ஆரம்பித்தார். செண்பகவல்லி தன் குரலை வேறு யாருடையதோ போலக் கேட்டாள். "மேடம், நீங்க அவங்ககிட்ட எல்லாத்தையும் நல்லாக் கேளுங்க. அவங்களுக்கு மறதி வருது. காலைல ஒரு மாதிரிப் பேசினாங்க." வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் செண்பகவல்லி மேஜைமேலிருந்த முத்திரை மைப்பெட்டியைப் பார்த்தாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முழு உடம்பையும் அத்தையின் பக்கம் திருப்பினார். "உக்காருங்கம்மா. இன்னைக்கு என்ன தேதி?" அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். "ஆனி மாசம்... இல்ல. தெரியல. மறந்து போச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மறக்கத்தான் செய்யுது. மறக்காம இருந்தா நான் ஏன் இங்க வாரேன்?" என்றாள். சாட்சிகளில் ஒருவர் சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார். "பிள்ளைங்க எத்தனை?" "ஒரே மகன்." "எங்க இருக்காரு?" இதுதான் அந்த இடம். அத்தை எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, ஆபீசுக்கு என்று வந்துவிடப்போகிறது, வந்தால் வரட்டும், வந்தால் இத்தோடு எழுந்து வீட்டுக்குப் போகலாம். மேஜை விசிறி ஒருமுறை எல்லார் பக்கமும் திரும்பி வந்தது. "பூனாவுல" என்றாள் அத்தை. "பெண்டாட்டி பிள்ளையோட இருக்கான். நல்ல பையன்." "அப்ப மகன் இருக்கும்போது இவங்களுக்கு ஏன் குடுக்கீங்க? இவங்க உங்களுக்கு யாரு?" அத்தை செண்பகவல்லியைப் பார்த்தாள், அளக்கிற மாதிரி மேலிருந்து கீழ்வரை. "முன்னால எம்மகனுக்குப் பெண்டாட்டியா இருந்தா. அது முடிஞ்சு போச்சு. இப்ப இவ எனக்கு யாருமில்ல. அதனாலதான் குடுக்கேன்." "அதனாலன்னா?" "எம்மகன்னா, நான் புத்தி தடுமாறிக் கோட்டியாட்டம் பேசினா மறைச்சிருவான், இல்லன்னா உக்காந்து அழுவான். அவனப் பெத்த தாயிக்கு அவன் வேற என்ன செய்வான்? இவ சொல்லிருவா. இப்பச் சொன்னாள்லா, நீங்களே கேட்டீங்கள்லா."

அதிகாரி பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, என்னென்ன அதிகாரம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார், அத்தை ஒவ்வொன்றுக்கும் தன் வார்த்தையில் பதில் சொன்னாள், மாடிக்காரர் பெயர் மட்டும் வரவில்லை. பிறகு அதிகாரி கையெழுத்தைப் போடச் சொன்னார். கைரேகைக் கருவியில் அத்தையின் விரல் பதியவில்லை, ரேகை தேய்ந்துபோயிருந்தது, பச்சை விளக்கு எரிவதற்குப் பதில் சிவப்பே மறுபடி மறுபடி எரிந்தது. செண்பகவல்லி தன்னையறியாமல் குனிந்து அந்த விரலைப் பிடித்து அழுத்தப் போனாள். "நீங்க பிடிக்காதீங்கம்மா. அவங்களே வைக்கட்டும்" என்றார் அதிகாரி. கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அத்தை விரலை முந்தானையில் துடைத்து, வாயருகே வைத்து ஊதி, கருவியின் கண்ணாடிமேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

வெளியே வந்ததும் அத்தை நிற்கவில்லை. படியில் செண்பகவல்லி கையைக் கொடுத்தாள், அத்தை பிடிக்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டாள், ஏறவில்லை. வண்டிகள் நிறுத்துகிற இடத்துச் சிமெண்டுத் திண்டில் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நியாயம்தானே, அத்தனை பேர் முன்னால். செண்பகவல்லி கொஞ்சம் தள்ளி வெயிலிலேயே நின்றாள். மனம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இன்றைக்குத் தப்பிவிட்டது, நாளைக் காலையில் என்ன கேட்பாளோ, அப்போது ம் என்பேனா, இல்லை என்பேனா, சொன்னால் தாங்குவாளா, சொல்லிச் சொல்லி எனக்கு மரத்துப் போய்விடாதா, சொல்வதற்கு ஆளே இல்லாமல் அவள் கண்ணுக்குள் வெறும் அறையாகிவிடுகிற நாள் எப்படி இருக்கும். ஆனால் அந்த வெடுக்கென்று திருப்பிய கழுத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சில் ஏதோ இளகிக்கொண்டு வந்தது. அது அசல் கோபம், ஒரு பிசகும் இல்லாத கோபம், ஆவுடையம்மாள் தவிர வேறு யாருக்கும் அப்படிக் கோபப்பட வராது. வெகுநேரம் கழித்து அத்தை கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அருகே போனதும், முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "இனிமே எப்பச் சொன்னாலும் முதல்ல எங்காதுல சொல்லு. பெறவு ஊருக்குச் சொல்லு."

"சரி அத்தை" என்றாள் செண்பகவல்லி.